படம் தொங்குகிற சுவரும் படம் பிறந்த வீடும்

ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பெரிய ஓவிய நூதனசாலைக்குப் போவதா, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வாழ்ந்த பழைய வீட்டுக்குப் போவதா? முக்கால்வாசிப் பேர் நூதனசாலைக்குத்தான் போவார்கள். பேர்போன படம் எல்லாம் அங்கதானே இருக்கு. வீட்டில என்ன, நாலு அறை, ஒரு குசினி, ஒரு பழைய கட்டில். அதுக்கும் ரிக்கற் காசா?

இந்தக் கேள்வியை ஆம்ஸ்டர்டாம் நகரத்தை வைத்து யோசிக்கலாம். எங்கட ஆக்களில் கன பேருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஒல்லாந்தரின் வரலாறு எங்கட வரலாற்றுக்குள்ளும் வந்து போனது என்பது இன்னொன்று. ஓவியர் ரெம்பிராண்டின் புகழ்பெற்ற படங்கள் அங்கே ரைக்ஸ் நூதனசாலையில் இருக்கின்றன. அவர் 1639இல் வாங்கிய வீடு அங்கிருந்து அரை மணித்தியால நடையில் இருக்கிறது.

நூதனசாலையில் எல்லோரும் தேடிப் போவது 'இராக்காவல்' என்ற படத்தை. 1642இல் வரைந்து முடித்தது. நகரக் காவல்படையினர் தங்கள் மண்டபத்தில் மாட்டுவதற்காகக் காசு கொடுத்து வரைவித்தார்கள். 1715இல் அதை நகரமண்டபத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுவரில் இடம் காணவில்லை என்று படத்தின் ஓரங்களை வெட்டி எறிந்தார்கள். இன்றைக்கு அதன் முன்னால் நிற்கிற கூட்டம் பார்ப்பது ஓரம் போன படத்தைத்தான். இருந்தாலும் அது அசல். அவருடைய கை பட்டது.

வீட்டின் கதை வேறு. விலை 13,000 கில்டர். கையில் முழுக்காசு இல்லை, தவணைக்குத்தான் வாங்கினார். 'இராக்காவல்' முடிந்த அதே 1642இல் மனைவி சஸ்கியா இறந்துபோனார். மகன் டைட்டஸுக்கு அப்போது ஒரு வயது கூட இல்லை. பிள்ளையைப் பார்க்க வந்த ஹேர்ட்யே டிர்க்ஸ் என்ற பெண்ணோடு ரெம்பிராண்ட் சேர்ந்து வாழ்ந்தார். பிறகு கைவிட்டார். கலியாணம் கட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று அவள் முறையிட்டாள். வருடம் 200 கில்டர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே, 1650இல், அவளைக் கௌடா நகரத்துச் சீர்திருத்தச் சிறையில் அடைக்க ரெம்பிராண்ட் முன்னின்றார். அஞ்சு வருடம் உள்ளே இருந்தாள். நூதனசாலையில் படத்தைப் பார்க்கும்போது இந்தப் பெண்ணைப் பற்றி நினைக்க ஒரு காரணமும் இல்லை. வீட்டுக்குள் நடந்தால் அவள் வாழ்ந்த இடத்தில்தான் நாங்களும் கால் வைக்கிறோம்.

1656இல் ரெம்பிராண்ட் வங்குரோத்தானார். கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து, அறை அறையாகப் போய், இருந்தது எல்லாவற்றையும் எழுதினார்கள். மொத்தம் 363 பதிவுகள். படங்கள், ரோமச் சக்கரவர்த்திகளின் சிலைகள், ஆயுதங்கள், சங்கு சிப்பிகள். 1658இல் வீடும் 11,218 கில்டருக்கு விலைபோனது. அவர் வாடகை வீட்டுக்குப் போனார். 1669இல் இறந்தார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைக்கு அந்த வீட்டில் இருக்கிற தளபாடங்கள் அவருடையவை இல்லை. எல்லாம் அன்றைக்கே ஏலத்தில் போய்விட்டது. 1911இல் வீடு நூதனசாலையானது. பிறகு அந்தக் கடன்காரர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பொருட்களைத் தேடி அறைகளை நிரப்பினார்கள். ஆக, ஓவிய நூதனசாலையில் பொருள் அசல், இடம் அதுக்குரிய இடம் இல்லை. வீட்டில் இடம் அசல், பொருள் மாற்று. எது 'உண்மை' என்று கேட்டால் ரெண்டும் பாதிதான்.

இப்ப எங்கட பக்கம் வருவம். ரெம்பிராண்ட் வங்குரோத்தான அதே 1656இல் கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. வீடு விலைபோன 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. அவர் 1650இல் அச்சோவியமாகச் செய்த சங்கு ஒல்லாந்துக் கடற்கரையில் கிடைக்கிறது இல்லை. அது எங்கட சமுத்திரப் பக்கத்துச் சாதி. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் இப்படியான சாமான்களையும் கறுவாவையும் ஒன்றாகத்தான் ஏற்றிப் போயின. அங்கே வீட்டுச் சாமானைக் கடனுக்காக எழுதிய அதே ஆக்கள், இங்கே எங்கட காணிகளை வரிக்காகத் தோம்பில் எழுதினார்கள்.

ரைக்ஸ் நூதனசாலையிலேயே எங்கட நாட்டுப் பொருள் ஒன்று 200 வருடங்களுக்கு மேல் இருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சின்னப் பீரங்கி. லெவ்கே திசாவை, நாயக்கர் வழியில் வந்த முதல் கண்டியரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்குக் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறவனுக்கு அது வடிவான கைவேலை, அவ்வளவுதான். எந்த வீட்டிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று ஆராய்ந்த பிறகுதான் அது களவுப்பொருள் என்று தீர்மானமானது. 2023இல் வேறு ஐந்து பொருட்களோடு கொழும்புக்குத் திரும்பி வந்தது.

அதனால், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலமை வீட்டுக்குப் போங்கள், பின்னேரம் நூதனசாலைக்குப் போங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வீடு. நல்ல படத்தை ஒரு புத்தகத்திலாவது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவருடைய அறையிலிருந்து வந்தது என்ற எண்ணம், வீட்டுக்குள் நடந்தால்தான் வருகிறது. அந்த எண்ணத்தோடு போனால் எந்த நூதனசாலையும் வேறுமாதிரித் தெரியும்.

ரெம்பிராண்டின் வீட்டைத் திருப்பி நிரப்ப முடிந்தது, யாரோ பட்டியல் எழுதி வைத்ததால். போருக்குள் நாங்கள் விட்டுவந்த வீடுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. எந்த அறையில் தையல் மெசின் நின்றது, சாமி அறையில் எந்தப் படம் இருந்தது என்று அம்மம்மாமாருக்குத்தான் தெரியும். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு, அறை அறையாக எழுதலாம். அதுக்கு ரிக்கற்றும் தேவையில்லை.