கிழவரை இளைஞராக்க முயன்ற மருத்துவம்

ஆண்களுக்கு வயது ஏற ஏற, விரைகளில் உருவாகும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் சுரப்பு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல இது ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில், பலருக்குத் தெரியாமலேயே இறங்கிக்கொண்டு போகிறது. இதை முறையாக அளந்து உறுதிசெய்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கான ‘மருந்து’ மட்டும் ஏறக்குறைய நூறாண்டு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

காயடித்தால் விலங்கின் குணம் மாறும் என்பது கால்நடை வளர்ப்போர் பழங்காலம் முதலே அறிந்த செய்தி. அதன் காரணத்தை நெருங்கியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய அர்னால்ட் பெர்தோல்ட். 1849இல் அவர் இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றினார். சிலவற்றுக்கு மட்டும் விரையை வயிற்றுக்குள் மறுபடி பொருத்தினார். அவை கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டு முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்ததால், ஏதோ ஒரு பொருள் ரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். பல பத்தாண்டுகள் அந்த ஆய்வை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1889 ஜூன் 1 அன்று பாரிஸ் உயிரியல் கழகக் கூட்டத்தில் 72 வயது சார்ல்ஸ் எட்வார் பிரவுன்-செக்கார் பேச எழுந்தார். மொரிஷியஸில் பிறந்தவர், நரம்பியலில் பெரும்புகழ் பெற்றவர். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி நீரில் கலந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும், கையின் வலு கூடியதாகவும், நீண்ட நேரம் வேலை செய்ய முடிந்ததாகவும், சிறுநீர் கூட முன்னைவிட வேகமாகப் பாய்ந்ததாகவும் அவர் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரைவது மிகக் குறைவு; விரைகள் அதைச் சேர்த்து வைப்பதும் இல்லை. அந்தச் சாற்றில் பயன்தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வழியில்லை. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவு. ஆனாலும் சுரப்பிச் சாறு மருந்தாகலாம் என்ற அவருடைய எண்ணம் வீண்போகவில்லை. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டு சாற்றைக் கொண்டு தைராய்டு குறைபாட்டு நோயாளி ஒருவரைத் தேற்றினார்.

அடுத்து வந்தது கத்தியின் காலம். வியன்னாவின் யூஜென் ஸ்டைனாக், விந்துக்குழாயைக் கட்டிவிட்டால் விந்தணு உற்பத்தி குன்றி, ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெருகும் என்று கருதினார். இன்றைய குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த அறுவையால் டெஸ்டோஸ்டிரோன் கூடுவதில்லை என்பது இப்போது தெரிந்த செய்தி. தாடைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1923இல் இதைச் செய்துகொண்டார். 1934இல் கவிஞர் யேட்ஸ் தம் 68ஆம் வயதில் செய்துகொண்டு, எஞ்சிய ஐந்தாண்டுகளில் வேகமாக எழுதினார். கவிதைகள் உண்மை, அவற்றுக்கான புகழைக் கத்திக்குக் கொடுக்க ஆதாரம் இல்லை.

பாரிஸில் செர்ஜ் வோரோனாஃப் 1920 முதல் சிம்பன்சிகளின் விரைத் துண்டுகளைப் பணக்கார முதியவர்களின் உடலில் தைத்தார். தேவைக்காகக் குரங்குப் பண்ணையே நடத்தினார். அயல் திசுவை உடல் அழித்துவிடும் என்பதால் அத்துண்டுகள் அதிக காலம் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவின் கான்சாஸில் ஜான் பிரிங்க்லி ஆட்டு விரைகளைப் பொருத்திச் செல்வம் குவித்தார். சொந்த வானொலி நிலையமே அவருடைய விளம்பரக் கருவி. 1930இல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது.

சுரப்பிகளை வெட்டி ஒட்டிய காலத்தை முடித்துவைத்தது வேதியியல். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லகூர் குழுவினர் காளை விரைகளிலிருந்து தூய ஹார்மோனைப் பிரித்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் அடால்ஃப் புட்டனான்ட், லியோபோல்ட் ருசிச்கா இருவரும் தனித்தனியே அதைக் கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலிலிருந்து தயாரித்தனர். 1939ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது. நாஜி அரசின் கெடுபிடியால் புட்டனான்ட் அப்போது அதை ஏற்க முடியவில்லை. விழுங்கினால் கல்லீரல் சிதைத்துவிடும் என்பதால் இந்த ஹார்மோன் நெடுங்காலம் பெரும்பாலும் ஊசியாகவே தரப்பட்டது. பூசும் களிம்புகள் பரவலானது 2000க்குப் பிறகு.

மருந்து கிடைத்துவிட்டது, யாருக்குத் தருவது என்ற கேள்வி எஞ்சியது. 1944இல் ஹெல்லர், மையர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள், சோர்வும் ஆசைக் குறைவும் கொண்டு வந்த ஆண்களின் சிறுநீரில், விரைகளைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களை அளந்தனர். விரை தளர்ந்திருந்தால் அதை விரட்ட பிட்யூட்டரி கூடுதலாகச் சுரக்கும். அப்படிக் கூடியிருந்தவர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் தேறினர். சாதாரண அளவு கொண்டவர்களுக்கு ஊசி பயன்படவில்லை. அவர்களின் தொல்லைக்குக் காரணம் மனத்தில் இருந்தது. ஒரே புகார், இரண்டு காரணங்கள். இந்த வரலாற்றில் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான், மிக எளிதாக மறக்கப்பட்டதும் இதுதான். இதற்கு மூன்றாண்டு முன்பு சார்ல்ஸ் ஹக்கின்ஸ், புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைச் சார்ந்து வளர்வதைக் காட்டியிருந்ததால் மருத்துவர்களிடம் அச்சமும் இருந்தது.

களிம்பு வந்தபின் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்கள் நடுவயதுச் சோர்வையே நோயாக்கின. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு வேறு கதை சொன்னது. 40 முதல் 79 வயது வரையுள்ள 3,300க்கும் மேற்பட்ட ஆண்களில், அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதமே. 2015இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், வயதால் மட்டும் நேரும் குறைவுக்கு இம்மருந்தின் பயன் நிறுவப்படவில்லை என்று எச்சரித்தது. 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில் பாலுணர்வு ஓரளவு கூடியது. எதிர்பார்த்த சுறுசுறுப்பு வரவில்லை. இதய நோய் அபாயம் உள்ள 5,200 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் மருந்துப்போலியைவிட அதிகரிக்கவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன.

ஆகவே இப்போதைய நடைமுறையில் மருந்துக்கு முன் விசாரணை நடக்கிறது. அறிகுறி இருந்தால் காலையில் எடுத்த ரத்தத்தில், வெவ்வேறு நாட்களில் இரு முறையாவது அளவு பார்க்கப்படுகிறது. உடல் பருமன், நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடை, சில வலிநிவாரணிகள் ஆகியவையும் அளவைக் குறைக்கும். எடை கணிசமாகக் குறைந்தாலே பலருக்கு அளவு ஏறுகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் தந்தால் பிட்யூட்டரி அடங்கி விந்தணு உற்பத்தி சரியும். எனவே குழந்தை வேண்டுவோருக்கு இச்சிகிச்சை தரப்படுவதில்லை. பெறுவோருக்கு ரத்தச் சிவப்பணுக்களின் அடர்த்தியும், வயதுக்கேற்ப புராஸ்டேட்டும் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன.