ஒரு அடி தண்ணீர் போதும்: வெள்ளத்தில் கார் எப்போது மிதக்கத் தொடங்கும்?

திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக மழைக்காலத்தில் திருப்பதிக்கு காரில் போகிறீர்களா? 2021 அக்டோபரில் திருப்பதியில் கனமழை பெய்தபோது, ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கர்நாடகாவிலிருந்து வந்தவர்களின் வாகனம் சிக்கியது. ஒரு பெண் உயிரிழந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டனர். அது ஆற்று வெள்ளம்கூட இல்லை, தேங்கிய மழைநீர்தான்.

எவ்வளவு ஆழம் ஆபத்து?

ஒரு சின்ன கணக்கு. சிறிய காரின் எடை சுமார் 900 கிலோ. அடித்தளம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பரப்பு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 500 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கும். அதாவது 35 செ.மீ.யில், முழங்காலுக்கும் கீழேயே, கார் மிதக்கத் தயார். டயரின் பிடி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஓடும் நீர் 60 செ.மீ. இருந்தால் எஸ்யூவியும் அடித்துச் செல்லப்படலாம்.

இங்கே மழையே இல்லையே?

இல்லாவிட்டாலும் தண்ணீர் வரும். கார்வேட்டிநகரம் பக்கம் உள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், நகரிக்கு அருகிலுள்ள பள்ளிப்பட்டு பகுதியில் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். மேப் காட்டும் குறுக்கு வழிக்கு இது தெரியாது. நீரின் வேகம் இரட்டிப்பானால், காரைத் தள்ளும் விசை 4 மடங்காகும்.

இன்ஜின் நின்றுவிட்டால்?

திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஏர் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 'இன்ஜின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் இல்லையென்றால், இந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

கதவு திறக்கவில்லையா?

கதவின் அடிப்பகுதியிலிருந்து 60 செ.மீ. தண்ணீர் நின்றால், 1 மீட்டர் அகலக் கதவின் மீது சுமார் 180 கிலோ அழுத்தம் இருக்கும். அதனால் கதவோடு போராடாதீங்க. சீட் பெல்ட்டைக் கழற்றுங்க, பவர் விண்டோ வேலை செய்யும்போதே பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கி வெளியேறுங்க. குழந்தைகள் முதலில். பிறகு 112-ஐ அழையுங்க.

சாலையின் தரை கண்ணுக்குத் தெரியவில்லையா? வண்டியைத் திருப்புங்க. சுற்றுப்பாதையில் போனால் ஒரு மணி நேரம் தாமதமாகலாம், அவ்வளவுதான்.