சந்தியும் சுற்றுவட்டமும்: தம்புள்ளை வழியாக ஒரு நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள தம்புள்ளையில், கண்டி – யாழ்ப்பாண வீதியாகிய ஏ9உம் குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ6உம் சந்திக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களை நாடிக் கால்நடையாய் வந்த தமிழகத் தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தா ஊடாகவே மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். அவர்தம் கையில் தேசப்படம் இருந்ததில்லை. வழியறிந்த கங்காணியின் சொல்லே துணையாயிற்று.

1800இல் நிறுவப்பெற்ற நில அளவைத் திணைக்களம் பிற்காலத்தில் ஒரு மைலை ஓரங்குலமாக்கித் தேசப்படங்களை வெளியிட்டது. அவ்வளவுத்திட்டத்தில் முப்பது மீற்றர் விட்டமுடைய சுற்றுவட்டம் அரை மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். அதை வரையாது விடினும் குறையில்லை. எஞ்சியதைப் பயணியின் கண் நிரப்பிக்கொள்ளும்.

கணினிக்கோ அத்தகைய கண் இல்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ரீற்மப் என்னும் பொதுத் தேசப்படத் தரவில், நடுவே திடல் அமைந்த சுற்றுவட்டம், வாகனம் செல்லும் திசையிலேயே வரையப்பட்ட மூடிய கோடாகப் பதியப்படுகின்றது. நடுவில் ஏறிக் கடக்கத்தக்க வண்ணப்பூச்சு மட்டுமே உள்ள சிறு வட்டம் வெறும் புள்ளியாகின்றது. இலங்கையில் இடப்புறமாக வாகனம் செலுத்துவதால், கோடு கடிகார முள்ளின் திசையில் அமைதல் வேண்டும். திசை பிழைத்தால் மென்பொருள் எதிர்த்திசையில் வழி வகுக்கும். சுற்றுவட்டம் என்ற குறிப்பே விடுபட்டால், வட்டத்தை இடப்புறமாகச் சுற்றிச் செல்ல வேண்டிய சாரதிக்கு "வலப்பக்கம் திரும்புக" என்று கூறிவிடும். வட்டத்தினுள் இருக்கும் வாகனத்துக்கே முன்னுரிமை என 1966இல் பிரித்தானியா விதித்தபின் பெருகிய ஓர் ஏற்பாட்டில், இது அச்சொட்டான ஆபத்து.

இவற்றினும் நுட்பமானது வெளிவழிகளை எண்ணும் சிக்கல். மாத்தளையிலிருந்து வடக்கே வரும் லொறிச் சாரதி, தம்புள்ளை போன்ற முச்சந்தியொன்று வட்டமாக அமைந்திருப்பின், முதலாம் வழியைக் குருநாகலுக்கும் இரண்டாம் வழியை வடக்கிற்கும் உரியனவாகக் கொள்வான். இடையில் எரிபொருள் நிரப்பு நிலையமொன்றின் வாயில் வட்டத்தோடு இணைத்து வரையப்பட்டு, மென்பொருள் அதனையும் எண்ணுமாயின், இரண்டு மூன்றாகிவிடும். வரைந்தவர் செய்தது பிழையன்று. வாயில் அங்கே உண்மையிலேயே உள்ளது. ஆயினும் சாரதி அதை வழியென எண்ணான். பொதுவீதியையும் தனியார் வாயிலையும் வேறுபடுத்தித் தரவில் பதிதலும், முன்னதை மட்டுமே மென்பொருள் எண்ணுதலும் இன்றியமையாதன. பேருந்துத் தடம், பாலம் முதலியவற்றுக்காக வட்டம் துண்டுகளாக வெட்டப்பட்டிருப்பினும் அவற்றை ஒரே வட்டமாகக் கொண்டே எண்ணல் வேண்டும்.

1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் சாரதி விடியுமுன் இருளில் வருகின்றான். வழிகளை எண்ணிப் பார்க்க அவனுக்குப் பொழுதில்லை. "இரண்டாம் வழி" என்பதோடு "யாழ்ப்பாணம்" என்றும் சொல்லப்பட்டால் இலக்கம் பிழைத்தாலும் ஊர் பிழைக்காது. அப்பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பதிய அத்தரவில் இடமுண்டு. பதிய வேண்டிய இடம் வட்டமன்று. வட்டத்திலிருந்து பிரியும் வீதியின் முதற் துண்டு.