டோராப் படகும் மன்னார்க் கடலும்

மன்னார்த் தீவின் வடக்கே பாக்குக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டையும் பிரிப்பது தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளும் மணல் திட்டுத் தொடர். பெருங்கப்பல்கள் நடமாட இயலாத இந்த ஆழமற்ற கடலில், இலங்கைக் கடற்படை சிறு விரைவுப் படகுகளையே பெரிதும் நம்பி வந்துள்ளது. அவற்றுள் மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பெயர் ‘டோரா’. எபிரேய மொழியில் அதற்குத் தேனீ என்பது பொருள்.

இஸ்ரேலில் வடிவமைக்கப்பட்ட இப்படகுகள் 1980-களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்தன. முதல் வகையின் நீளம் 22 மீற்றருக்கும் குறைவு. எடை 50 தொன்னைத் தொடவில்லை. பின்னர் வந்த சுப்பர் டோராவின் மூன்றாம் வகை சுமார் 27 மீற்றர் நீளமும் மணிக்கு 45 கடல் மைலளவு வேகமும் கொண்டது. இலகுவான அலுமினிய உடல், நீரில் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமாக மட்டுமே அமிழும் அடிப்பாகம், ஆற்றல் மிக்க டீசல் இயந்திரங்கள், முன்புறத்தில் விரைவுப் பீரங்கி ஆகியவையே இதன் இலக்கணம். இதே நோக்கில் கொழும்பு கப்பல் கட்டும் தளமும் 1990-களிலிருந்து அதிவிரைவுத் தாக்குதல் படகுகளைக் கட்டியது. எனினும் கடற்புலிகளின் தற்கொலைப் படகுகளுக்குப் பல டோராக்கள் இரையாகின. அதற்கு மறுமொழியாகவே 2006 முதல் ‘அரோ’ எனப்படும் சிறு கண்ணாடியிழைப் படகுகள் பெருந்தொகையாகக் களமிறக்கப்பட்டன.

அந்தப் போரின் விலையைக் கரையும் கொடுத்தது. 2006 ஜூன் 17 அன்று பேசாலைக்கு அப்பால் கடற்சமர் மூண்டது. அன்றே, வெற்றி அன்னை தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் தாக்கப்பட்டு உயிர்கள் பறிபோயின.

2009-இல் போர் முடிந்தது. படகுகளின் பணி மாறியது. தமிழக இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவதால் பேசாலை, தலைமன்னார், விடத்தல்தீவு மீனவர்களின் வலைகள் அறுபடுகின்றன. கடலடி வளமும் அழிகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அத்துமீறும் படகுகளைத் தடுக்கும் பொறுப்பு கடற்படையினுடையது.

ஆயினும் தாக்கி விலகுவதற்கென வடிவமைத்த படகு, மறித்து நிறுத்தும் காவற்பணிக்கு இயல்பாகப் பொருந்துவதில்லை. இருளில், அலையில், கனத்த மர இழுவைப் படகை அண்டுவதற்கு மெதுவான வேகத்தில் கட்டுப்பாடும், மோதலைத் தாங்கும் பக்கங்களும், நீரில் வீழ்ந்தோரை ஏற்றும் வசதியும் வேண்டும். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே கடற்படைப் படகுடன் நேர்ந்த மோதலின் பின் தமிழக மீனவர் நால்வர் மாண்டனர். தப்பியோடுகையில் படகு மோதி மூழ்கியது என்றது கடற்படை. இடித்து மூழ்கடித்தனர் என்றனர் மீனவர். 2024 ஜூனில் இழுவைப் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்டில் மீண்டும் ஒரு மோதலில் இந்திய மீனவர் ஒருவர் பலியானார்.

இம்மரணங்களுக்குப் படகின் வடிவமைப்பு மட்டுமே காரணமன்று. இரு அரசுகளும் இழுவைமடிப் பிரச்சினைக்குத் தீர்வு காணாதவரை எந்தப் படகும் போதாது. ஆனால் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தனிக் கரையோரக் காவல் திணைக்களத்தை நிறுவிய நாடு, காவற்பணிக்கு உரிய படகுகளையும் உரிய பயிற்சியையும் மன்னார்க் கடலுக்கு வழங்குவதே முறை. கடலில் பிழைப்போரின் உயிர், அவர் எக்கரையினராயினும், போர்க்காலப் படகின் வேகத்துக்குப் பலியாகலாகாது.