ஒரே நிறத்தில் கிறிஸ்துமஸ்: விழுப்புரத்து வெள்ளையும் அதற்குள் இருந்த நீலமும்

டிசம்பர் பிறந்ததும் போனைத் திறந்தால் ஒரே நிறத்தில் அலங்கரித்த வீடுகள்தான். மரம் வெள்ளை, அதில் தொங்கும் உருண்டைகள் வெள்ளை, சோபா உறைகூட வெள்ளை. இன்னொரு வீட்டில் எல்லாம் நீலம். வேறொன்றில் எல்லாம் தங்க நிறம். பார்க்கிறவர்கள் இதை வெளிநாட்டிலிருந்து வந்த புது மோஸ்தர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் கதை தலைகீழ். இங்கே ஒரே நிறம்தான் பழசு. பல நிறம் பின்னால் வந்தது. அந்தப் பழைய ஒரே நிறம், சுவரில் அடித்த சுண்ணாம்பு வெள்ளை. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் இன்னொரு நிறம் எப்படிக் கலந்திருந்தது, அது யார் வீட்டு நிறமாக இருந்து யார் வீட்டுக்குப் போனது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

அமெரிக்காவின் அலுமினிய மரம்

வெளிநாட்டிலும் ஒரே நிறம் ரொம்பப் பழைய வழக்கம் கிடையாது. ஜெர்மானிய வீடுகளின் கிறிஸ்துமஸ் மரத்தில் ஆப்பிள், கொட்டை, மெழுகுவத்தி என்று கையில் கிடைத்ததெல்லாம் தொங்கும். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்துக்கு முதன்முதலாக மின்விளக்குக் கட்டினார். அந்த 80 பல்புகளும் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறம்.

ஒரே நிற மரம் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது 1959 வாக்கில். விஸ்கான்சின் மாநிலத்தின் மானிடோவாக் ஊரில் அலுமினியப் பாத்திரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, வெள்ளி நிற அலுமினிய மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலோகம் என்பதால் அதில் மின்விளக்கைச் சுற்றினால் ஷாக் அடிக்கும். அதனால் மரத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னால் சுழலும் கலர் தட்டைப் பொருத்தினார்கள். 1965இல் சார்லி பிரவுன் கார்ட்டூன் படம் இந்த மரத்தைக் கேலி செய்தது. அதற்கப்புறம் அதன் மவுசு குறைந்தது.

ஆக, அங்கே ஒரே நிறம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. நம்ம பக்கத்தில் அது சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்தது.

இரண்டு சபை, ஒரே வெள்ளை

விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. பழைய தென்னார்க்காட்டில் கிறிஸ்தவம் ஒரே வாசல் வழியாக வரவில்லை. கத்தோலிக்கர்கள் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பிரெஞ்சு மிஷனின் கீழ் இருந்தார்கள். இன்றைக்கும் விழுப்புரமும் திண்டிவனமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் சேர்த்தி. டேனிஷ் லுத்தரன் மிஷன் 1860களில் இந்த மாவட்டத்துக்கு வந்தது. திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் இருந்தது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆரம்பித்தது அது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிக்க முடிவெடுத்தாரே, அது நடந்தது இந்தத் திண்டிவனத்தில்தான்.

கத்தோலிக்கர்களுக்கு வெள்ளை நாட்காட்டியிலிருந்து வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்துக்கு ஊதா நிறம். நடுவில் மூன்றாவது ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் அணியலாம். 24ஆம் தேதி இரவுப் பூசைக்கு சாமியார் வெள்ளை உடுத்தி வருவார். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் இன்னொசென்ட், போப் ஆவதற்கு முன்பே, இந்த நிற முறையை எழுதிவைத்தார். 1570இன் திருப்பலி நூல் அதை விதியாக்கியது. அதாவது ஒரு பண்டிகைக்கு ஒரே நிறம் என்பது கோயிலுக்குள் பல நூறு ஆண்டுகளாக இருக்கிற விஷயம்.

ஆற்காடு மிஷனின் வெள்ளைக்கு வேறு வரலாறு. அதன் தாய்ச்சபை அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபை. அந்த மரபின் ஆரம்பம் சுவிட்சர்லாந்தில். 1524இல் சூரிக் நகரத்தில் ஸ்விங்லியின் ஆட்கள் கோயில்களிலிருந்து படங்களையும் சுரூபங்களையும் எடுத்துவிட்டு, ஓவியம் இருந்த சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். 1566க்குப் பிறகு நெதர்லாந்திலும் இதே நடந்தது. கண்ணைப் பறிக்கும் எதுவும் வேண்டாம், பிரசங்கம் காதில் விழுந்தால் போதும் என்பது அவர்கள் நினைப்பு.

ஒரு சபைக்கு வெள்ளை பண்டிகையின் நிறம். இன்னொரு சபைக்கு அலங்காரமே வேண்டாம் என்பதன் நிறம். காரணம் எதிரெதிர்தான், ஆனால் ஒரே ஊரில் இரண்டு கோயிலையும் வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மழை விட்ட சுவர்

வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பொதுவாக வெள்ளையடிப்பது போகிக்கு முன்னால். தை பிறக்கும்போது மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். கிறிஸ்தவ வீட்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. டிசம்பர் 24க்குள் முடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓயும், சில வருஷம் ஓயாது. 2011இல் தானே புயல் கரையேறியது டிசம்பர் 30ஆம் தேதி. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் கடைசியில் வந்தபோது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இந்த மழைக்கு அப்புறம் சுவர் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். அடியில் சேறு தெறித்திருக்கும், மேலே கறுப்புப் பாசி படிந்திருக்கும்.

இந்தப் பருவத்துக்குச் சுண்ணாம்பு ஒத்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடும். சுட்டதைத் தண்ணீரில் போட்டால் புகைந்து, கொதித்து, மாவாகும். இதைத்தான் நீற்றுவது என்கிறோம். அதைக் கரைத்துச் சுவரில் அடித்ததும் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். அப்படி இறுக கொஞ்சம் ஈரம் தேவை. அதனால்தான் காய்ந்த சுவரில் சுண்ணாம்பு அடிக்கும் முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள். டிசம்பர் சுவருக்கு அந்த வேலையும் மிச்சம். பெயிண்டும் டிஸ்டெம்பரும் ஈரச் சுவரில் அடித்தால் செதில் செதிலாக உரிந்து வந்துவிடும்.

சாமான்களும் குறைவு. கல் சுண்ணாம்பு, ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணியோ வஜ்ரமோ, ஒரு பிடி உப்பு, நார் பிரித்த தென்னை மட்டை. வீட்டு ஆட்களே அடித்துக்கொள்ளலாம். அடிக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும், காயக் காய வெளுக்கும். மூன்றே வாரத்தில் பொங்கல் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு அடித்த வெள்ளையே அதற்கும் ஆச்சு. மண் சுவரும் கூரையுமாக இருந்த வீட்டுக்குப் பெரிய அலங்காரமே இந்த வெள்ளைதான். அதன்மேல் ஒரு காகித ஸ்டார், உள்ளே வைக்கோலில் ஒரு குடில். அவ்வளவுதான் பண்டிகை.

வெள்ளைக்குள் நீலம்

இந்த வெள்ளை சுத்த வெள்ளை இல்லை. சுண்ணாம்பு காய்ந்தால் லேசாக மஞ்சளடிக்கும். அதற்காகக் கரைசலில் துளி நீலம் போடுவார்கள், துணிக்குப் போடுகிற அதே நீலம். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் நம் கண்ணுக்கு 'பளிச்'சென்று வெள்ளை தெரியும். கொஞ்சம் அதிகமானால் சுவர் வானம் மாதிரி ஆகிவிடும். அந்த அளவு கைப்பழக்கத்தில் வருவது.

நீலத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. நீலம் என்றால் பலருக்கும் வங்காளமும் 1917இன் சம்பாரண் போராட்டமும்தான் ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரி நிறையப் பயிரான மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. செடியைத் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை வேறு தொட்டிக்கு இறக்கி, காற்று படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, கட்டியாக வெட்டி விற்பார்கள். புதுச்சேரியிலிருந்து நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் கப்பலேறி, அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை அவுரி நீலத்தை விற்க ஆரம்பித்ததும் இந்தத் தொழில் சரிந்தது. இன்றும் திண்டிவனம் பக்கம் கொஞ்சம் பேர் அவுரிச் சாயம் எடுக்கிறார்கள்.

சுவருக்குப் போட்ட பாக்கெட் நீலம் அவுரியே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அது அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்த நிறம். ஐரோப்பாவில் மாதாவின் மேலாடைக்கு ஓவியர்கள் தீட்டிய விலையுயர்ந்த நீலம் அதுதான். 1820களில் பிரான்சின் கிமே என்பவர் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சுட்டு அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினார். விலை தரைக்கு இறங்கியது. சுண்ணாம்பின் காரம் இந்த நீலத்தை ஒன்றும் செய்யாது என்பதால் வெள்ளையடிக்க நன்றாகப் பொருந்தியது. உலகத்துக்கே நீலம் அனுப்பிய மாவட்டம், தன் வீட்டுச் சுவருக்குத் தொழிற்சாலை நீலத்தைக் கடையில் வாங்கியது. மாதாவின் அங்கி நிறம் கூரை வீட்டுச் சுவர் வரைக்கும் வந்ததும் அப்படித்தான்.

யார் சுவர், யார் நிறம்

வெள்ளை எல்லோரையும் சமமாக்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. விழுப்புரம் மாவட்டத்தில் அப்போது இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். ஒரே கோயிலுக்குள் தனி வழி, தனிக் கல்லறை என்று நடத்தப்பட்டதுதான் காரணம். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பீடத்தில் எல்லோருக்கும் ஒரே வெள்ளை. பீடத்துக்கு இந்தப் பக்கம் அப்படி இல்லை.

நிறத்தை வேறு மாதிரி படிக்கிறவர்களும் இங்கே உண்டு. வெள்ளைச் சேலை என்றால் கைம்பெண் என்று பார்க்கும் ஊர்களில், சுவரில் மங்களமான நிறம் உடம்பில் ஏறினால் துக்கம் ஆகிவிடும். நீலம் அம்பேத்கரின் நிறம். 1942இல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியே நீலம்தான். விடுதலைச் சிறுத்தைகளின் கொடியில் நீலமும் சிவப்பும், நடுவில் ஒரு நட்சத்திரமும் உண்டு. பாட்டாளி மக்கள் கட்சிக் கொடியில் நீலம், மஞ்சள், சிவப்பு. இந்த மாவட்டத்தில் ஒரு தெரு முழுக்க நீல ஸ்டார் கட்டினால், பார்க்கிறவர் மனசில் பெத்லகேம் மட்டும் வராது. கொடி எதுவும் ஞாபகத்துக்கு வராத நிறம் என்று பார்த்தால், சுண்ணாம்பு வெள்ளைதான் மிஞ்சுகிறது.

பல நிறம் வந்தது, பிறகு ஒரே நிறம் திரும்பியது

மின்சாரமும் சிவகாசி அச்சுத் தாளும் ஜிகினாவும் கிராமத்துக்கு வந்தபிறகுதான் கிறிஸ்துமஸ் வீடு பல நிறமானது. ஏழைக்குக் கிடைத்த முதல் ஆடம்பரம் அது. மூங்கில் சீவிக் கட்டிய ஸ்டாரின் இடத்தில் மடித்துப் பிரிக்கும் கலர் ஸ்டார். அடுத்து சீரியல் லைட். போன வருஷ ஸ்டார், பக்கத்து வீட்டில் கொடுத்த தோரணம், பள்ளிக்கூடத்தில் பிள்ளை செய்த மணி என்று எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்துக் கட்டலாம். கலர் பொருந்தவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை.

இப்போது திரும்பியிருக்கும் ஒரே நிறத்தில் அது நடக்காது. எல்லாம் ஒரே சாயலில் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். போன வருஷத்துச் சிவப்பு ஸ்டாருக்கு அதில் இடமில்லை. வேறு வழியில்லாதவர்களின் அலங்காரமாக இருந்த ஒரே நிறம், எதை வேண்டுமானாலும் வாங்க முடிந்தவர்கள் 'இது போதும்' என்று தேர்ந்தெடுக்கிற அலங்காரமாக மாறிவிட்டது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி எளிமையாகத்தான் தெரியும். கடை பில்லைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இந்த வீடுகளில் தொங்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பற்றி ஒரு தகவல். அதற்குள் இருப்பதும் நீலம்தான். 1990களின் ஆரம்பத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது, அதற்காக மூன்று பேருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீல ஒளியின்மேல் மஞ்சள் பூச்சு ஒன்றைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளை வெளிச்சம் தெரியும். மஞ்சளடிக்கும் சுண்ணாம்பில் துளி நீலம் போட்டவர்கள் செய்ததற்கும் இதற்கும் கணக்கு ஒன்றுதான்.

உங்கள் ஊரில் பழைய வீடு இருந்தால், பெயிண்ட் உரிந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க. மேலே எமல்ஷன், அதற்குக் கீழே டிஸ்டெம்பர், அதற்கும் கீழே வருஷத்துக்கு ஒரு பூச்சாக அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு இருக்கும். சில அடுக்கில் நீலம் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருப்பதும் தெரியும்.