ரஜூலா கப்பலில் போன பிள்ளைகள்

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து 1926 முதல் 1973 வரை, போர்க்காலம் நீங்கலாக, ஓடிய பயணிகள் கப்பல் எஸ்.எஸ். ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். மேல்வகுப்பு அறைகளில் சில டஜன் பேருக்குத்தான் இடம். திறந்த தளத்திலும் அதற்குக் கீழ்த்தளங்களிலும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. கப்பல் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகவும், பிழைத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவரவும் கட்டிய கப்பல் அது. உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பங்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதன் பயணிகளாக மாறியது பிற்பாடு நடந்தது.

தொடக்க காலத்தில் கப்பல் ஏறியவர்களில் தனி ஆண்களே அதிகம். நகரத்தார் கடைகளின் ஏஜெண்டுகள் மூன்று ஆண்டுக் கணக்கில் போனார்கள். ஆச்சிமாரும் பிள்ளைகளும் செட்டிநாட்டு வீடுகளிலேயே இருந்தார்கள். நாகூர், காரைக்கால் பக்கத்து வணிகர்களின் வீடுகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான். அப்பச்சி அல்லது அத்தா என்பவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, சில மாதம் இருந்துவிட்டுப் போகும் மனிதர் என்றே அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். இதற்கு விலக்கும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் பெண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குக் குடியேறினார்கள். கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளில் கணிசமானோர் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பயணத்தை உறவினரைப் பார்க்கப் போனதாகச் சொல்ல முடியாது.

1938இல் இந்திய அரசு, உதவித்தொகை கொடுத்துத் தொழிலாளர்களை மலேயாவுக்கு அனுப்பும் முறையை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுக்கு மேல் பயணிகள் கப்பல் இல்லை. அக்கரையில் தகப்பன், இக்கரையில் தாயும் பிள்ளையும் என்று பிரிந்திருந்த குடும்பங்கள் உயிரோடிருக்கும் சேதி கூட அறியாமல் காத்திருந்தன. ரஜூலா படைக்கப்பலாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. அதன் இணைக்கப்பலான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டு பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடு மூழ்கியது.

போருக்குப் பின் இந்தக் கடல்வழியின் தன்மையை மாற்றியது ஒரு சட்டம். 1953 ஆகஸ்ட் 1 முதல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுக் கட்டுப்பாடு கடுமையானது. வேலை தேடி யார் வேண்டுமானாலும் கப்பலேறலாம் என்ற காலம் முடிந்தது. அதன்பின் பயணிகளில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே அங்கே வேர் விட்டவர்களும், அவர்களுடைய மனைவி மக்களும், குறுகிய காலம் வந்துபோகும் உறவினர்களுந்தான். பிள்ளைகளின் பெயரைத் தாயின் கடவுச்சீட்டிலேயே எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் நாகையிலும் தம்பி பினாங்கிலும் பிறந்திருப்பது சாதாரணம். 1957இல் மலேயா விடுதலையும், 1965இல் சிங்கப்பூர்ப் பிரிவும் வந்தபோது அந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு நாட்டுப் பிரஜைகளாக நிற்க நேர்ந்தது.

நாகையில் கப்பல் கரையணைய ஆழமில்லை. ரஜூலா கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் வெங்காய மூட்டைகளும் படகுகளில் போய்ச் சேர வேண்டும். அம்மைத் தடுப்பூசிச் சான்று, மருத்துவச் சோதனை, சுங்கம் எல்லாம் கரையிலேயே முடிந்துவிடும். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். பெரியவர்கள் பயந்து நடுங்கிய இந்தக் கட்டத்தில் பிள்ளைகளை ஆள்மாற்றி ஆள் தூக்கி மேலே சேர்த்துவிடுவார்கள். சென்னையில் ஏறிய பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் இல்லை. அங்கே கரையிலிருந்தே படி ஏறிப் போகலாம்.

டெக்கில் இடம் பிடிப்பதுதான் முதல் வேலை. பாய் விரித்த இடம் வீடு, தகரப் பெட்டிகளே சுவர். நாகையிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,200 கடல்மைல்; மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கடல்மைல் போகும் கப்பலுக்கு நான்கு நாளுக்குக் குறையாது. முதல் நாள் இரவே தாய்மார்கள் தலைசுற்றலில் படுத்துவிடுவார்கள். எலுமிச்சையும் ஊறுகாயுமே ஆகாரம். பிள்ளைகள் விரைவில் தேறிக்கொண்டு, கட்டிவந்த புளிச்சோறும் முறுக்கும் தீர்ந்தபின் கப்பல் சோற்றுக்கு வரிசையில் நிற்பார்கள். கண்டிக்க எழுந்து வரும் தெம்பு யாருக்கும் இல்லாத நான்கு நாட்கள் அவை. ஊரில் ஒருவரோடொருவர் புழங்காத சாதி, மத வீட்டுப் பிள்ளைகள் ஒரே கம்பிக் கிராதியில் தொங்கிக்கொண்டு பறக்கும் மீனைப் பார்த்தது இந்தத் தளத்தில்தான். டெக் பயணத்தின் நெருக்கடியையும் நாற்றத்தையும் பற்றிப் பெரியவர்கள் சொன்ன குறைகள் அத்தனையும் நியாயமானவை. பிள்ளைகள் அவற்றைக் குறையாகவே கருதவில்லை என்பதும் உண்மை.

நடுக்கடலில் கப்பல் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திவைப்பார்கள். அந்நாளில் மலேயா நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டு மணி முந்தியிருந்தது. வங்கக் கடலில் நிலம் என்று கண்ணில் படுவது நிக்கோபார்த் தீவுகளை ஒட்டிப் போகையில்தான். அதுவும் பகலில் கடந்தால்.

பினாங்கில் இறங்கும்போது தொற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் டெக் பயணிகளை ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தனிமைப்படுத்தினார்கள். மேல்வகுப்பினர் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். கரையெதிரே மாமா நிற்கும் ஊர் தெரிந்தும் தீவில் நாள் எண்ணுவது பிள்ளைகளுக்குத் தண்டனை. அதற்குப் பின் உறவினர்கள் கூட்டிப்போன இடங்கள் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான். பினாங்கில் 1923 முதல் ஓடும் மலை ரயில். சிங்கப்பூரில், தலைவலித் தைலம் விற்றுப் பணக்காரரான ரங்கூன் சீனர் ஆவ் பூன் ஹாவ் 1937இல் அமைத்த டைகர் பாம் தோட்டம். அங்கே சீன நரகத்தின் பத்து நீதிமன்றங்களைப் பொம்மைகளாகச் செய்துவைத்திருந்தார்கள். பாவிகளை அறுக்கும் காட்சியைப் பார்த்த பிள்ளைகள் பயந்து அழாவிட்டால்தான் ஆச்சரியம்.

எதிர்த்திசைப் பயணம், அதாவது மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த பிள்ளைகள் ‘ஊருக்கு’ வருவது, இன்னும் சிக்கலானது. அதற்குக் காரணம் பெரும்பாலும் சடங்கு. குலதெய்வக் கோயிலில் முடியிறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மாமன் ஊரில் இருந்தால் பிள்ளைதான் கடல் கடக்க வேண்டும். மின்விளக்கும் குழாயும் பழகிய பிள்ளைகளுக்குக் கிணற்றடிக் குளியலும் அரிக்கேன் விளக்கும் ஒரு வாரம் வேடிக்கை, பிறகு அலுப்பு. பேசும் தமிழில் மலாய்ச் சொல் கலந்து வந்தால் சிற்றப்பன் மக்கள் சிரிப்பார்கள். பெட்டி திறக்கும் நாள்தான் எல்லாவற்றிலும் பெரிது. கோடாலித் தைலம், பிஸ்கட் டின், துணிகள் எந்த வீட்டுக்கு எத்தனை என்று தாய் முன்பே கணக்குப் போட்டுவைத்திருப்பாள். கணக்கு பிசகினால் வரும் மனத்தாங்கல் அடுத்த கப்பல் வரை ஓயாது. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, உறவு என்பது பாசம் மட்டுமல்ல, பங்கும் கூட என்பது சிறுவயதிலேயே விளங்கியிருக்கும்.

1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம், 1966இல் பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல். குளிர்சாதனமும் நீச்சல்குளமும் கொண்ட அதில் பயணம் செய்த பிள்ளைகளுக்கு டெக்கில் பாய் போட்ட கதைகள் நம்ப முடியாதவையாக இருந்திருக்கும். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் சிதம்பரத்தில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு இந்தக் கடல்வழியின் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. அதற்கு முன்பே வசதியுள்ளவர்கள் விமானத்துக்கு மாறியிருந்தார்கள்; இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாகப்பட்டினத்திலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் புறப்பட்டது 2023 அக்டோபரில். அது போவது இலங்கையின் காங்கேசன்துறைக்கு. பினாங்குக்கு இன்றும் கப்பல் இல்லை.