மெத்தம்பெட்டமைன் அடிமைநோயும் தங்கிப் பெறும் சிகிச்சையும்

மெத்தம்பெட்டமைன் மைய நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடும் செயற்கை வேதிப்பொருள். கண்ணாடிச் சில்லு போன்ற படிகமாகக் கைமாறுவதால் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் அதற்கு 'ஐஸ்' என்று பெயர். காஃபீன் கலந்த மாத்திரை வடிவத்தைத் தாய்லாந்தில் 'யாபா' என்பார்கள்; பித்து மருந்து என்று பொருள். அபினும் ஹெராயினும் ஆளைக் கிறங்க வைப்பவை. இதுவோ தூங்க விடாதது. அதனால்தான் இதன் வரலாறு கள்ளச் சந்தையில் தொடங்காமல் மருந்துக் கடையிலும் போர்முனையிலும் தொடங்குகிறது.

ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1893-இல் எபெட்ரினிலிருந்து இதை உருவாக்கினார். 1919-இல் ஒகாட்டா அகிரா படிக வடிவில் தயாரித்தார். பெர்லினின் டெம்லர் நிறுவனம் 1938-இல் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரையான நான்கே மாதங்களில், பெர்விட்டினும் அதன் மறுவடிவமும் சேர்த்து 3.5 கோடிக்கும் அதிகமான மாத்திரைகள் ஜெர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போயின. ஜப்பானில் 'ஹிரோப்போன்' இதே வேலையைச் செய்தது. போர் முடிந்த பின் மிஞ்சிய கையிருப்பு ஊருக்குள் கசிந்து, அந்த நாடு முதல் பெரும் மெத்தம்பெட்டமைன் கொள்ளைநோயைக் கண்டது. 1951-இல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1954-இல் மட்டும் 55,000-க்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

உடலில் நடப்பது

மகிழ்ச்சியும் ஊக்கமும் தரும் டோபமினை நரம்புசெல் ஒன்று வெளியே விட்டபின் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கெய்ன் அந்த வாசலை அடைத்துவைப்பதோடு சரி. மெத்தம்பெட்டமைன் வாசல் வழியே உள்ளே புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமினையும் வெளியே கொட்ட வைக்கிறது. எலிகளில் அளந்து பார்த்தபோது, உணவால் டோபமின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக, இதனால் பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். கொக்கெய்னுக்கு ஒரு மணி நேரம் போதும்.

பயன்படுத்துபவர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தூங்காமல், சாப்பிடாமல் இருப்பார். இதயம் படபடக்கும், உடல் சூடேறும். நாளடைவில் இதயத்தசை பலவீனமடைகிறது; இளம் வயதிலேயே பக்கவாதம் வருவதுண்டு. எச்சில் வற்றிப்போவதும் பல்லை நறநறவென்று கடிப்பதும் இனிப்புப் பானங்களை இடைவிடாமல் குடிப்பதும் சேர்ந்து பற்களை அழிக்கின்றன. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றிச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். குடும்பத்தை அதிகம் உலுக்குவது மனப்பிறழ்வுதான்: காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது, வீட்டாரையே சந்தேகிப்பது. பெரும்பாலும் மருந்து நின்ற சில நாட்களில் இது தணிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மனச்சிதைவு நோயிலிருந்து இதைப் பிரித்தறிவது அனுபவமுள்ள மனநல மருத்துவருக்கும் எளிதல்ல.

நிறுத்தியதும் வருவது குடிகாரர்களுக்கு வரும் வலிப்பும் நடுக்கமும் அல்ல. முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டாற்போன்ற தூக்கம், எழுந்தால் அகோரப் பசி. ஒரு வாரம், பத்து நாளில் உடல் தேறிவிடுகிறது. ஆள் தெளிந்துவிட்டான் என்று வீட்டார் நம்புவதும் அப்போதுதான். உண்மையில் அதன் பிறகே கடினமான காலம் வருகிறது. எதிலும் சுவை இருக்காது. பிடித்த சாப்பாடு, பாட்டு, பிள்ளையின் சிரிப்பு எல்லாம் வெறுமையாகத் தெரியும். தற்கொலை எண்ணமும் எழக்கூடும் என்பதால் தனியே விடக்கூடாத காலம் இது.

இந்த வெறுமைக்கு மூளையில் அடையாளம் உண்டு. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், டோபமினை உள்ளிழுக்கும் புரதங்கள் மெத்தம்பெட்டமைன் பயன்படுத்தியவர்களின் மூளையில் குறைந்திருந்ததும், 12 முதல் 17 மாதம் மருந்தைத் தொடாமல் இருந்தபின் அவை ஓரளவு மீண்டதும் படமாகவே தெரிந்தன. ஆனால் நினைவாற்றலும் உடல் அசைவுத் திறனும் அதே வேகத்தில் திரும்பவில்லை. பார்க்கப்பட்டவர்கள் ஐந்தே பேர். என்றாலும், கணக்கு வாரங்களில் அல்ல, ஆண்டில் என்பதை அது உணர்த்தியது.

தங்கிப் பெறும் சிகிச்சை

ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. மெத்தம்பெட்டமைனுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட ஒன்று இல்லை. நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோப்பியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து 403 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 13.6 விழுக்காட்டினர் பலன் கண்டனர்; வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினர். பயனுள்ளதுதான், ஆனால் சிறியது. ஆகவே சிகிச்சையின் பாரம் பேச்சிலும் பழக்கத்திலும் சூழலிலும் விழுகிறது. மறுவாழ்வு இல்லங்கள் இடம்பெறுவது இப்படித்தான்.

அந்த இல்லங்களின் மூதாதை 1958-இல் சார்லஸ் டெடரிக் கலிபோர்னியாவில் தொடங்கிய 'சினனான்'. அடிமைப்பட்டவர்களே ஒருவரையொருவர் கடிந்து திருத்தும் கூட்டுவாழ்க்கை அது. பின்னாளில் அது ஒரு மதக்குழுவாகச் சீரழிந்து, 1978-இல் தன்மேல் வழக்காடிய வழக்கறிஞரின் தபால் பெட்டியில் கிலுகிலுப்பைப் பாம்பு வைக்கும் அளவுக்குப் போனது. ஆயினும் அதன் முறை மென்மையாக்கப்பட்டுப் பல நாடுகளில் 'சிகிச்சைச் சமுதாயம்' என்று வாழ்கிறது. விடியலில் எழுதல், முறைவைத்துச் சமைத்தல், குழுக்கூட்டம், பழைய கூட்டாளிகளிடமிருந்தும் கைப்பேசி எண்களிலிருந்தும் விலகியிருத்தல். தூக்கமும் சாப்பாடும் சிதறிப்போன மெத்தம்பெட்டமைன் நோயாளிக்கு இந்த ஒழுங்கே பாதி மருந்து.

இது பலன் தருகிறதா? இதற்கு நேர்மையான பதிலைத் தந்தது ஆஸ்திரேலியா. ஆய்வாளர் ரெபெக்கா மெக்கெட்டினின் குழு சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் நோயாளிகளை மூன்றாண்டு பின்தொடர்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட, தங்கிப் பெற்ற 100 பேருக்குக் கூடுதலாக 33 பேர் மூன்று மாதத்தில் இடைவிடாமல் விலகியிருந்தனர். ஓராண்டில் அது 14 ஆகவும், மூன்றாண்டில் 6 ஆகவும் சுருங்கியது. வெறும் நச்சுநீக்கத்தால் எந்தப் பயனும் தெரியவில்லை. 'நிரந்தர விடுதலை' என்று விளம்பரம் செய்யும் இல்லங்களுக்கும் 'இவர்களைத் திருத்தவே முடியாது' என்பவர்களுக்கும் இந்த எண்கள் ஒருசேர மறுப்பு. இல்லத்தில் கழியும் சில வாரங்களுக்கும் மூளை கேட்கும் ஓராண்டுக்கும் உள்ள இடைவெளியை, வெளியே வந்தபின் கிடைக்கும் தொடர்கவனிப்புதான் நிரப்ப வேண்டும்.

விருப்பமின்றி அடைத்துவைப்பது வேறு விஷயம். கட்டாயத் தடுப்பு மையங்களை மூடுமாறு ஐ.நா. அமைப்புகள் 2012-இல் கூட்டாகக் கேட்டுக்கொண்டன. இலங்கையின் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022-இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர்.

தொடர்கவனிப்பில் இதுவரை வலுவான சான்று உள்ளது ஊக்கப்பரிசு முறைக்குத்தான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதைக் கையாள்கின்றன. வாரத்துக்கு இருமுறை சிறுநீர்ச் சோதனை. அதில் போதைப்பொருள் இல்லையென்றால், மீன்தொட்டி போன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் கைவிட்டுச் சீட்டெடுக்கலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் சீட்டுகள் கூடும். இம்முறையின் வழக்கமான கிண்ணத்தில் 500 சீட்டுகள். பாதியில் பாராட்டு மட்டும், மிச்சத்தில் பெரும்பாலும் சில்லறைப் பரிசு. பெரும்பரிசுச் சீட்டு ஒன்றே ஒன்று.